பியூஸ் கட்டைப் பெட்டி

"புதுக் கட்டைங்க சூடாவாம ஓடுதுங்களா, டீச்சரம்மா?"

யூனுஸ் பாய் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அன்னூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் மனிதர், தான் விற்ற சாமானைப் பற்றி விசாரிப்பதில் என்ன தப்பு? சனிக்கிழமை மத்தியானம், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க, கோயமுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பிரத்யுஷாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

"எந்தக் கட்டைங்க பாய்?"

"பியூஸ் கட்டைங்கதான். மாசிக் கடைசியில உங்கப்பா வந்து ஒரு செட்டு வாங்கிட்டுப் போனாருங்களே. பழசு மூணும் வெடிச்சுப்போச்சுன்னாரு."

பழசு மூன்றும் வெடிக்கவில்லை. அன்று காலை பால் ஊற்றப் போனபோதுகூட, பால் சொசைட்டியில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் அவை மூன்றும் முழுசாகக் கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவள் கல்லூரிக்குப் பஸ் ஏறினாள். பீங்கான் மேல் 'நரசிம்மலு' என்று சிவப்புப் பெயிண்ட்டில் அப்பாவின் பெயரை எழுதியதே அவள்தான். அப்படியென்றால் இந்தப் புது செட்டு எதற்கு? கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. காது இரண்டும் கொதித்தன. "நல்லா இருக்குதுங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அவரிடம் கத்தி என்ன ஆகப் போகிறது? கத்த வேண்டிய ஆள் வீட்டில் இருந்தார்.

அந்தப் பெட்டியின் கதை தெரியாவிட்டால் இந்தக் கோபம் யாருக்கும் புரியாது. அன்னூருக்கு வடக்கே, இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒரே இட்டேரிப் பாதையில் மூன்று தோட்டங்கள். முதலாவது பிரத்யுஷாவின் அப்பா நரசிம்மலுவுடையது, அடுத்தது ராசப்பனுடையது, கடைசியில் பொங்கியண்ணனுடையது. மூன்றிலும் போர் இருந்தது, மூன்றும் ஐந்நூறு அடி. மேலே வேலி மூன்றாகப் பிரித்திருந்தாலும் அடியில் ஊற்று ஒன்றுதான். ஒருவர் மோட்டார் போட்டால் மற்ற இருவருக்கும் தண்ணீர் இறங்கிவிடும். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், மீட்டர் கிடையாது. யார் எவ்வளவு இறைத்தார்கள் என்று கேட்டால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. போதாக்குறைக்கு, தொண்ணூற்றாறில் இரண்டு மழையும் கைவிட்டன.

மாசி முதல் வாரத்தில் ராசப்பன் திருச்செங்கோட்டு ரிக் லாரியை வரவழைத்தார். எண்ணூறு அடிக்குப் புதுப் போர் போடுவதாகத் திட்டம். லாரி இட்டேரிக்குள் நுழையும்போது, கல்லூரிக்குக் கிளம்பிய பிரத்யுஷா தோளில் தொங்கிய பையோடு அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள். டிரைவர் ஹாரனை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினான். அவள் அசையவில்லை. "அண்ணா, நீங்க எண்ணூறு போட்டா எங்க நைனா தொள்ளாயிரம் போடுவாரு. பொங்கியண்ணன் ஆயிரம் போடுவாரு. அப்பறம் நீங்க மறுபடியும் லாரியக் கூப்புடுவீங்க. கடைசில மூணு பேருக்கும் மிஞ்சறது ஓட்டைதானுங்க. சித்த பொறுங்க, நான் ஒரு வழி சொல்றேன்" என்றாள்.

ராசப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ரெண்டு ஏக்கர் வாழை வைத்திருந்த மனிதர். அவருக்கு அது விளையாட்டு இல்லை. "அம்மணி, நீங்க படிச்சவங்க, நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறவங்க. உங்க வாய்க்காகத் திருப்பறேன். உங்கப்பாரு வாய்க்கில்லீங்க. ஞாபகம் வெச்சுக்குங்க" என்று சொல்லி லாரியைத் திருப்பி அனுப்பினார்.

அவள் சொன்ன வழிதான் அந்தப் பெட்டி. மூன்று பேரும் தங்கள் மோட்டாரின் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிப் பால் சொசைட்டியில் கொடுத்துவிட வேண்டும். கட்டை இல்லாமல் மோட்டார் ஓடாது. ஒரு நாளைக்கு ஒருவர் முறை. காலையில் பால் ஊற்ற எல்லோரும் எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். முறைக்காரர் தன் கட்டைகளை வாங்கிப் போவார். மறுநாள் காலை எல்லோர் கண் முன்னாலும் திருப்பி வைப்பார். சொசைட்டிச் செயலாளர் பாலுசாமியிடம் சாவி. ஐந்நூறு அடிக்குக் கீழே யாரும் போர் போடக் கூடாது. இதில் எதை மீறினாலும், மீறியவருடைய முறைத் தண்ணீர் மூன்று மாதத்துக்கு நஷ்டப்பட்டவருக்குப் போகும். காகிதத்தில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நரசிம்மலுதான் முதல் கையெழுத்து. மகள் பெருமையில் மீசைகூடச் சிரித்தது.

இதெல்லாம் அவளுக்குச் சும்மா தோன்றியது இல்லை. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, ஐந்து வருஷமாக ஒரு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மாரடித்துக்கொண்டிருந்தாள். நாடுகள் ஏன் ஒன்றையொன்று நம்புகின்றன, ஏன் நம்புவதில்லை என்பதுதான் விஷயம். அதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று புதிய யதார்த்தவாதம், இன்னொன்று புதிய தாராளவாதம். நாடுகளுக்கு மேலே கையைப் பிடித்து நிறுத்த ஒரு ஆள் கிடையாது என்பதில் இரண்டுக்கும் சண்டையில்லை. சண்டை அதற்குப் பிறகுதான். ஆள் இல்லாததால் அவனவன் தன் பாடு பார்க்க வேண்டியதுதான், பக்கத்து நாடு வளர்ந்தால் அது நாளைக்கு நம் கழுத்துக்கு வரும் என்கிறது முதல் கட்சி. அப்படியில்லை, திரும்பத் திரும்ப முகம் பார்க்கிறவர்கள், யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்துகொண்டால், ஏமாற்ற யோசிப்பார்கள், எல்லோரும் பிழைக்கலாம் என்கிறது இரண்டாவது கட்சி. பிரத்யுஷா இரண்டாவது கட்சி. முந்நூறு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

அவளுடைய துறைத் தலைவர் லட்சுமணசாமி முதல் கட்சி. வாயைத் திறந்தாலே எரிச்சல் மூட்டுகிற மனுஷன். இந்தச் சனிக்கிழமை காலைதான் முந்நூறு பக்கத்தையும் மேஜைமேல் பொத்தென்று போட்டு, "இதுல ஒரு அத்தியாயம் கொறையுதும்மா. ஏமாத்துவாங்களா, மாட்டாங்களான்னே எழுதியிருக்கற. ஏமாத்தவே இல்லைன்னு வெச்சுக்க. ரெண்டு பேருக்கும் லாபம். ஆனா ஒருத்தனுக்கு லாபம் ஒரு பிடி கூட. இன்னொருத்தன் சும்மா இருப்பானா? அத எழுது" என்றார்.

"தனக்கு லாபம் வர்றப்ப அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்க, யாரு சார் அவ்வளவு அல்பமா இருப்பாங்க?" என்று அவள் எகிறினாள். "எங்க ஊர்ல மூணு விவசாயிங்க ரெண்டரை மாசமா இப்படித்தான் ஓட்டிட்டு இருக்கறாங்க சார். வந்து பாருங்க."

வந்து பாருங்க என்று சொல்லி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது அவளே பார்க்க வந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. அம்மா தாராபுரத்தில் அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பிரத்யுஷா பையைக்கூட இறக்காமல் நேரே தோட்டத்துக்குப் போனாள். அன்றைக்கு ராசப்பனின் முறை. அப்பாவின் மோட்டார் ரூம் வெளியே பூட்டியிருந்தது, சத்தம் எதுவும் இல்லை. போருக்குள் இறக்கின மோட்டார் ஓடினால்தான் வெளியே கேட்காதே! அவள் பழைய திறந்த கிணற்றை எட்டிப் பார்த்தாள். ரெண்டு வருஷமாக வறண்டு, குருவி கூடு கட்டிக் கிடந்த கிணறு, அவள் எட்டிப் பார்த்தே மாசக்கணக்காகியிருந்தது. அதில் இப்போது இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. போரிலிருந்து வந்த குழாயின் வாயைத் அப்பா தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தார், விழுகிற சத்தம் வெளியே போகக் கூடாது என்று. தண்ணீர் அடியிலிருந்து மெள்ளக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ராசப்பனின் வாழை. குலை தள்ளுகிற சமயம். இலையெல்லாம் ஓரம் கருகி, மடங்கித் தொங்கின. அவருடைய குழாய் இரண்டு தடவை காற்றைத் துப்பிவிட்டு நின்றது. ராசப்பனின் மனைவி குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து, குலை தள்ளிய மரங்களுக்கு மட்டும் ஒவ்வொரு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தாள். பிரத்யுஷாவைக் கண்டதும் நிமிர்ந்து, "வெயிலுக்குள்ள ஏனுங்க அம்மணி நிக்கறீங்க? மோரு குடிக்க வாங்க" என்றாள். பிரத்யுஷாவுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

நரசிம்மலு தென்னைக்கு அடியில் கட்டிலில் படுத்திருந்தார். அறுபது வயது, கட்டுமஸ்தான உடம்பு. "வந்துட்டியா கண்ணு, சாப்புட்டியா?" என்று தெலுங்கில் கேட்டார். அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

பிரத்யுஷா தமிழில் ஆரம்பித்தாள். "மோட்டார் ரூம் சாவியக் குடுங்க நைனா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. மழுப்பவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் போட்டார்.

"எத்தன நாளா?"

"மாசிக் கடைசில இருந்து."

"கையெழுத்துப் போட்டு இருவது நாள்கூட ஆகல! நமக்குத் தண்ணி பத்தலயா நைனா?"

"பத்துது."

"மாடு கன்னுக்கு இல்லையா? தென்ன காயுதா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் ஏன்? அந்தக் கெணத்துல ரொப்பி வெச்சு என்ன பண்ணப் போறீங்க? நீச்சலடிக்கப் போறீங்களா?"

"கத்தாத. சொல்றதக் கேளு" என்றார் நரசிம்மலு. அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். "எனக்கும் மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி, அவனுக்கும் மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி. நான் அதுல சோளத்தட்டு வெச்சு மாட்டுக்குப் போட்டுட்டு இருக்கறேன். அவன் வாழ வெச்சிருக்கறான். இந்த வாழக்கொலைய வெட்டி வித்துட்டான்னா அடுத்த தைக்குப் பொங்கியண்ணன் காட்ட வெலைக்குக் கேப்பான். ரெண்டு பக்கமும் அவன் காடுன்னா நடுவுல நான் எப்படி இருப்பேன்?"

"நீங்க நடுவுல இல்ல நைனா, மொதல்ல இருக்கறீங்க! அவரு வெலைக்குக் கேட்டாரா?"

"இன்னும் கேக்கல. கேக்கற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? உம்பட ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். நமக்கும் நல்லாத்தான் இருக்குது, இல்லைங்கல. ஆனா அவனுக்கு நம்மளவிட நல்லா இருக்குதே!"

இதுதான் லட்சுமணசாமி கேட்ட அத்தியாயம். அதைத் தேடி அவள் அமெரிக்காக்காரனையும் ஜப்பான்காரனையும் அஞ்சு வருஷமாகப் படித்திருக்கிறாள். அது அவள் வீட்டிலேயே வேட்டி கட்டிக்கொண்டு, அவளோடு ஒன்றாக உட்கார்ந்து ராகிக் களி தின்றுகொண்டு இருந்திருக்கிறது. யார் அவ்வளவு அல்பமாக இருப்பார்கள் என்று காலையில் கேட்டாளே, அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு நடந்தாள். ஸ்டார்ட்டரில் சிவப்புப் பித்தானை அமுக்கி, மெயினை இறக்கி, புதுக் கட்டைகள் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். பீங்கான் கையைச் சுட்டது. நரசிம்மலு பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"சொசைட்டிக்கு."

"உனக்குப் பைத்தியமா? நாலு பேரு முன்னால அப்பன் மானத்த வாங்கப் போறியா? கட்டையத் தூக்கி நானே பொடக்காலிக் குப்பையில போட்டுடறேன். இன்னையோட நிறுத்திக்கறேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த காக்காய் பறந்தது. "லாரி முன்னால நின்னது நீங்களா? நானு! அந்த மனுஷன் திருப்பினது எம்பட வாய்க்காக. அவரு வாழ காயறத வேலிக்கு இந்தப் பக்கம் கட்டல்ல படுத்துட்டுப் பாத்திருக்கறீங்களே, உங்களுக்குச் சோறு எப்படி நைனா எறங்குச்சு?"

அவர் வாசல் நிலையிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் சொசைட்டியில் பால் கேனோடு முப்பது பேர் நின்றிருந்தார்கள். பாலுசாமி ஒவ்வொரு கேனிலும் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். பிரத்யுஷா வரிசையில் நிற்கவில்லை. நேரே மேஜைக்குப் போய் மூன்று கட்டைகளையும் டக், டக், டக் என்று வைத்தாள்.

"இது எங்க ஊட்டு மோட்டார்ல இருந்ததுங்க. பெட்டியில இருக்கறது இல்ல, வேற செட்டு. ரெண்டு மாசமா தெனமும் ஓடியிருக்குது. ராசப்பண்ணன் முறையில ஓடியிருக்குது, பொங்கியண்ணன் முறையில ஓடியிருக்குது. எங்க நைனா திருடிட்டாருங்க."

திருடிட்டாருங்க என்ற வார்த்தைக்கு அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பொங்கியண்ணன், "எனக்கு அப்பவே ஒரு டவுட்டுங்க. எம்பட காட்டுல இப்ப வெள்ளாமை இல்ல, நஷ்டம் ராசப்பனுக்குத்தான்" என்று முனகினார். ராசப்பன் வரிசையின் கடைசியில் இருந்தார். கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து, கட்டைகளில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி கொறையறது வெயிலுக்குன்னு நெனச்சனுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஊட்டுக்காரி சொன்னா, நரசிம்மலண்ணன் கெணத்துல தண்ணி தெரியுதுன்னு. நான்தான் அவளத் திட்டினேன். டீச்சரம்மா ஊட்டப் போய் அப்படிச் சொல்லலாமான்னு திட்டினேன்."

"காகிதத்துல எழுதியிருக்குதுங்கண்ணா. மூணு மாசத்துக்கு எங்க முறைத் தண்ணி உங்களுக்கு. நாளைக்கு எங்க முறை. நாளைல இருந்தே..."

"காகிதத்த ஏனுங்க அம்மணி எங்கிட்டக் காட்டறீங்க?" இப்போது அவர் முகம் சிவந்தது. "உங்கப்பாரு தரமாட்டேன்னா அவரு கையப் புடிக்கறது யாருங்க? மேல யாரு இருக்கறா? போலீசுக்குப் போறதா? தாசில்தாருகிட்டப் போறதா? உங்கப்பாரு மேல எனக்குக் கோவமே இல்லீங்க. அவரு அப்படித்தான்னு எனக்குத் தெரியும். கோவம் உங்க மேலதானுங்க. அன்னைக்கு அந்த லாரிய நீங்க திருப்பாம இருந்திருந்தா எம்பட வாழ பொழச்சிருக்கும்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ராசப்பன் பாலை ஊற்றிவிட்டு, கேனைக் கழுவி, சைக்கிளில் மாட்டினார். "அன்னூர் போயி போன் போட்டுட்டு வாரேன். காலைல லாரி வந்துரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் பிரத்யுஷா பெட்டியிலிருந்து அப்பாவின் மூன்று கட்டைகளையும் முறைப்படி வாங்கிக்கொண்டாள். யூனுஸ் பாய் தன் டி.வி.எஸ்-50 நிறையக் கறுப்பு ஓஸ் சுருளோடு வந்து இறங்கினார். முந்தின நாள் சாயங்காலமே அவள் கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். "எங்கிட்டயே பொய் சொல்லி வாங்கிட்டாரே" என்று அவருக்கும் வயிற்றெரிச்சல். இரண்டு பேருமாகப் போர்க் குழாயைக் கிணற்றிலிருந்து கழற்றி, ஓஸை மாட்டி, வேலிக்கு அடியில் நுழைத்து, ராசப்பனின் வாழை வாய்க்கால் வரைக்கும் இழுத்துப் போட்டார்கள். ராசப்பன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தால் மோட்டார் ரூம் கதவில் பூட்டு. வாசற்படியில் நரசிம்மலு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அவள் ஆணியில் மாட்டியிருந்த சாவி மறுபடியும் அவர் இடுப்புக்குப் போயிருந்தது.

"தள்ளுங்க நைனா."

"எம்பட காடு, எம்பட போர், எம்பட மோட்டார்."

"உங்க கையெழுத்து."

"கையெழுத்து! உனக்காகப் போட்டது. நீ ஆசப்பட்டியேன்னு போட்டேன். காகிதத்தக் கொண்டு போயி அடுப்புல வெய்யி."

"ஊரே பாத்தாச்சு. இன்னியும் என்ன நைனா மிச்சம் இருக்குது?"

"பாத்தாப் பாக்கட்டும். பாத்தவன் வந்து பூட்டத் தொறப்பானா?"

அவள் கெஞ்சினாள். கத்தினாள். அவருடைய தோளைப் பிடித்து இழுக்கக்கூட இழுத்தாள், அவர் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தார். யூனுஸ் பாய் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மிச்ச ஓஸ் சுருளை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. வெயில் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓஸின் வாய் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் இட்டேரியில் லாரிச் சத்தம் கேட்டது. கனமான வண்டி. கிளுவை வேலியை உரசிக்கொண்டு மெதுவாக வந்தது. முதலில் ரிக்கின் உச்சி தெரிந்தது, பிறகு அடுக்கி வைத்த இரும்பு ராடுகள், பின்னாலேயே கம்ப்ரசர் வண்டி. ராசப்பனின் தோட்ட வாசலில் போய் நின்றது. டிரைவர் இறங்கி, "ஏனுங்க, எத்தன அடி?" என்று கேட்டான்.

"ஆயிரம்" என்றார் ராசப்பன். வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் கேட்கிற மாதிரியே சொன்னார்.

நரசிம்மலு எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார், மகள் கையிலிருந்த கட்டைகளை வாங்கினார், தானே மூன்றையும் சொருகினார், பச்சைப் பித்தானை அமுக்கினார். ஓஸ் துள்ளியது. ராசப்பனின் வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்து ஓடியது. ராசப்பனின் மனைவி குடத்தைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு மடை திருப்ப ஓடினாள்.

ராசப்பன் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டிரைவரிடம், "ரிக்க எறக்காத தம்பி. டீ குடி. பொழுதோட சொல்றேன்" என்றார். லாரி அங்கேயே நின்றது. சாயங்காலம்வரை தண்ணீர் பாய்ந்தது, சாயங்காலம்வரை லாரியும் நின்றது. அதன் பிறகுதான் அவர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். பாதி மரம் தேறும், பாதி தேறாது என்று போகிறபோது பிரத்யுஷாவிடம் சொன்னார்.

அவள் மோட்டார் ரூமுக்குத் திரும்பி வந்தபோது அப்பா கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோபம் தணிந்திருக்க வேண்டும், ஜெயித்துவிட்டாள் அல்லவா? தணியவில்லை. அதிகமாகியிருந்தது.

"நான் அரை மணி நேரம் கெஞ்சினேன் நைனா. அப்பக் குடுக்கல. லாரியப் பாத்ததும் குடுத்துட்டீங்க. லாரிக்குக் குடுத்தத எனக்குக் குடுத்திருக்கக் கூடாதா?"

நரசிம்மலு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. பாசமாகத்தான் சொன்னார், தெலுங்கில் சொன்னார். "நீ எம் பொண்ணு கண்ணு. நீ என்னைய என்ன பண்ணிருவே?"

பிரத்யுஷா அவர் கையிலிருந்த மூன்று கட்டைகளை வாங்கிக்கொண்டாள். பூட்டைப் பூட்டினாள். சாவியையும் எடுத்துக்கொண்டாள். அவர் நீட்டின கையைப் பார்க்காத மாதிரி, நேரே நடந்தாள்.

சொசைட்டியில் பால் ஊற்றுகிற கூட்டம் இருந்தது. பாலுசாமி பெட்டியைத் திறந்தார். அவள் கட்டைகளை உள்ளே வைத்தாள். அதன்மேல் மோட்டார் ரூம் சாவியையும் வைத்தாள்.

"இது எதுக்குங்க அம்மணி?" என்றார் பாலுசாமி. "ரூல்ல சாவி இல்லீங்களே."

"இனி இருக்குதுங்கண்ணா" என்றாள் பிரத்யுஷா. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "எங்க நைனா வந்து கேட்டாக் குடுக்காதீங்க. நான் வந்து அழுது கேட்டாலும் குடுக்காதீங்க. ராசப்பண்ணன் வந்து குடுன்னு சொன்னா மட்டும் குடுங்க."